இரண்டே நாளில் முடித்தேன்

சேதுபதிக்கு மோசமான நாவல் ஒன்று கையில் அகப்பட்டுவிட்டால் அன்று முழுக்க வயிறு சரியிருக்காது. செத்த எலியைத் தூக்குவதுபோல் அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து அப்துல் அஜீஸ் பாயின் காப்பிக்கடை மேசையில் போடுவான்.

"இதை எழுதினவன் ஒரு பொம்பளை அழுது நேர்ல பார்த்ததே கிடையாதுய்யா. கண்ணீர் முத்து முத்தா உருளுது. ஒரு தடவைகூட மூக்கு ஒழுகல."

நல்ல நாவல் அகப்பட்டால் ஊருக்கு இன்னும் தொல்லை. ரோட்டில் போகிறவனை மறித்து, "படிச்சியா? எப்போதான் படிக்கப்போற?" என்று உயிரை எடுப்பான். மலாக்காவில், காஜா பெராங் பக்கம், அவனைக் கண்டு சந்துக்குள் ஒதுங்கியவர்கள் உண்டு. ஆனால் அவன் நல்லது என்று சொன்ன நாவல் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

அவனுடைய அப்பா புக்கிட் காதில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதுவரை படித்துவிட்டு, பதினாறு வயதில் சேதுபதி டவுனுக்கு வந்தான். தவுக்கே என்று அழைக்கப்படும் ஒரு சீன முதலாளியின் ரப்பர்க் கடையில் தராசுப் பக்கத்தில் நின்று எடை எழுதும் வேலை. பத்து வருஷம் அந்த நாற்றத்தில் நின்றான். ஜப்பான்காரன் வந்ததும் கப்பல் நின்றது, ரப்பருக்கு மதிப்பில்லாமல் போனது, தவுக்கே கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். சேதுபதி தேங்காயெண்ணெயையும் சாம்பல் தண்ணீரையும் காய்ச்சிச் சவுக்காரம் செய்து விற்க ஆரம்பித்தான். அது நுரைக்காது. துணியில் அழுக்கு போகிறதோ இல்லையோ, கையில் தோல் போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் காய்ச்சினால் போதும், மற்ற நாளெல்லாம் படிப்புதான்.

சண்டைக்கு முன்பே அஜீஸ் பாய் கடையில் ஒரு வாசகர் கூட்டம் இருந்தது. நாகப்பட்டினத்துக் கப்பலில் புத்தகம் வரவழைத்து, ஒரு தேயிலைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். கப்பல் நின்றபோது பெட்டியில் நாற்பத்து மூன்று நாவல்கள். இனி ஒன்றுகூட வராது என்று தெரிந்த பிறகுதான் அவற்றின் அருமை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வறுத்த சோளத்தைப் பொடித்துப் போட்ட கறுப்புத் தண்ணீரைக் காப்பி என்று சொல்லிக் குடித்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். அந்த வாரம் படித்தவன் எழுந்து நின்று தன் நாவலை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும்.

சேதுபதி ஒரு வழக்கம் கொண்டுவந்தான். படித்தவன் பின்னட்டைக்குள் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பெயர், வீடு இருக்கும் இடம், படிக்க எத்தனை நாள் ஆயிற்று, அப்புறம் நாவலைப் பற்றி ஒரே ஒரு வரி. இடம் எதற்கு என்றால், புத்தகம் கைமாறிக் காணாமல் போனால் தேடிப் பிடிப்பதற்கு. நாள் எதற்கு என்றால், அடுத்தவன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு. நல்ல யோசனைதான். ஆனால் ஆண்கள் கூடும் இடத்தில் நாள்கணக்கு போட்டி ஆகாமல் இருக்குமா? முதலில் ஒருவன் ஐந்து நாள் என்று எழுதினான். அடுத்தவன் நான்கு. தேவதாஸ் என்ற பழைய தபால் சிப்பந்தி "ஒன்றரை நாள்" என்று எழுதி, அந்த அரையைக் கொட்டை எழுத்தில் போட்டான். சேதுபதி "ஒரே நாள்" என்று எழுதினான். அது உண்மைதான். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் நடராஜன் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். இப்போது டவுனில் ஜப்பான்காரர்களின் ஓர் ஆபீசில் எழுத்து வேலை. மற்றவர்கள் சாக்குத் துணியில் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். முதல் வாரமே ஒரு பொட்டலம் நிஜச் சர்க்கரை கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்லோரும் அதை ஈ மாதிரி மொய்த்தார்கள். சேதுபதியும்தான். பின்னாளில் அந்தச் சர்க்கரையை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

"மழையில பெட்டி நனையுதே. என் வீட்டுல வையுங்க. ஓட்டு வீடு" என்றார் நடராஜன். பெட்டி அவர் வீட்டுக்குப் போனது.

அவர் படிக்கும் விதத்தைச் சேதுபதி கவனித்திருந்தான். புத்தகத்தை முதல் பக்கத்தில் திறப்பதே இல்லை. சுண்டுவிரல் நகத்தை ஓர் அங்குலம் வளர்த்திருந்தார். பக்கத்து விரலை நக்கி எச்சில்படுத்தி, பின்னட்டையைத் திருப்பி, சீட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படிப்பார். எச்சில் காய்ந்த இடம் தாளில் வட்டமாகத் தெரியும். சேதுபதிக்கு அந்தப் பக்கத்தைத் தொடக் கூசும். ஆனாலும் யாருடைய ஒரு வரி எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ரசிகர் போலும் என்றுதான் நினைத்தான்.

புரட்டாசியில் தேவதாஸைக் காணவில்லை. காலையில் லோரி வந்தது, சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். மூன்று மாத வேலையாம். முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரம் கழித்துக் கணேசமூர்த்தி போனான். அவனும் கூட்டத்தில் வேகமாகப் படிக்கிறவன். "காலம் கெட்டுக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த நாவலுக்குப் போனார்கள். வேறென்ன செய்வது.

கூட்டத்தில் மெதுவாகப் படிக்கிறவன் ஒருத்தன்தான். பெயர் தம்பிராஜா. புக்கிட் காதிலிலிருந்து மரவள்ளிக் கிழங்கைச் சைக்கிளில் கட்டி டவுன் பாசாருக்குத் தள்ளிக்கொண்டு வருவான். டயர் கிடைக்காததால் சக்கரத்தில் தண்ணீர்க் குழாய் ரப்பரைச் சுற்றியிருந்தான். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு. ஆனால் அது கூலிக்கான வேலை இல்லை, சொந்தப் பாடு. அதனால் சயாம் லோரியில் ஏற்றாமல் காப்பாற்றும் முத்திரை குத்திய வேலைச் சீட்டு அவனிடம் கிடையாது. வீட்டில் மனைவி பொன்னம்மாவுக்கு ஏழாம் மாதம்.

அவன் கையில் ஒரு நாவல் மூன்று மாதமாகக் கிடந்தது. அட்டை போய், பெயரும் போய்விட்ட புத்தகம் அது. கதாநாயகி பெயரை வைத்து எல்லோரும் "வடிவு நாவல்" என்பார்கள். சேதுபதியின் சிபாரிசுகளில் அதுதான் தலைசிறந்தது. மத்தியானத்தில் ரோட்டோரத்து மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வரிக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்து அசைத்துத் தம்பிராஜா அதைப் படிப்பதைச் சேதுபதி நாலைந்து தடவை பார்த்திருக்கிறான். ஒரு தடவை பக்கத்தில் போய் நின்றபோதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"வா தம்பிராஜா. கரையான்கிட்டக் கொடுத்திருந்தாக்கூட இந்நேரம் முடிச்சிட்டு அடுத்ததைக் கேட்டிருக்கும்" என்றார் அஜீஸ் பாய்.

"அதுல பாதி எழுத்து விரல் தேய்ச்சே அழிஞ்சிருக்கும் பாய்" என்றான் சேதுபதி. கடை சிரித்தது.

தம்பிராஜாவின் காது சிவந்தது. "புஸ்தகம் வீட்டுல சும்மாதாண்ணே கிடந்தது. முந்தாநாள்தான் கையில எடுத்தேன். ரெண்டே நாள்ல முடிச்சிட்டேன்."

பொய் என்று சேதுபதிக்குத் தெரியும். அவன் என்ன செய்திருக்க வேண்டும்? "அட, மெதுவாப் படிச்சா என்ன குறைஞ்சு போச்சு" என்று சொல்லியிருக்கலாம். அவனோ பென்சிலை எடுத்து நீட்டி, "சபாஷ்! எழுது, எழுது. நம்ம தம்பிராஜாவும் ரெண்டு நாள் ஜாதியில சேர்ந்துட்டான்" என்றான். தம்பிராஜா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்: தம்பிராஜா, காஜா பெராங், கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. இரண்டு நாள். வடிவு மாதிரி ஒருத்தி எங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தாள்.

நடராஜன் புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைத் திருப்பினார்.

மறுநாள் திங்கட்கிழமை மத்தியானம் சேதுபதி வேறொரு நாவலை எடுக்க நடராஜன் வீட்டுக்குப் போனான். அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். பெட்டி கூடத்தில் திறந்தே இருந்தது. மேலே வடிவு நாவல். தம்பிராஜாவின் அந்த ஒரு வரியை இன்னொரு தடவை படிக்க ஆசைப்பட்டுச் சேதுபதி அதை எடுத்தான். தம்பிராஜா பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு இருந்தது. ஜப்பான் ஆபீசைத் தவிர ஊரில் யாரிடமும் சிவப்புப் பென்சில் இல்லை. கீழே கிடந்த இன்னொரு புத்தகத்தைத் திறந்தான். தேவதாஸ், ஒன்றரை நாள், சிவப்புக் கோடு. இன்னொன்று. கணேசமூர்த்தி, இரண்டு நாள், சிவப்புக் கோடு. ஏழு நாள், பத்து நாள் என்று எழுதியவர்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் கையிலிருந்த புத்தகம் புழு நெளிவதுபோல் ஆகிவிட்டது. கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றான்.

நடராஜன் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "வாங்க சேதுபதி. எதைத் தேடுறீங்க?"

"இந்தச் சிவப்புக் கோடு என்னங்கய்யா?"

"ஓ, அதுவா." அவர் ஒளிக்கக்கூட முயலவில்லை. துண்டைக் கொடியில் போட்டு, நீவிவிட்டார். "சயாம் வேலைக்கு ஆபீசுல வாரம் அஞ்சு பேர் கொடுக்கணும். கொடுக்கலைன்னா என்னை ஏத்திடுவான். உழைக்கிறவனை எழுதிக் கொடுத்தா குடும்பம் பாவம் பாருங்க. அதனால சும்மா இருக்கிறவனாப் பார்த்து எழுதுறேன். ரெண்டு நாள்ல முந்நூறு பக்கம் படிக்கிறவனுக்கு வேற என்ன வேலை இருக்கும், நீங்களே சொல்லுங்க? வீடும் எழுதியிருக்கான். தேடுற சூசா, சிரமம்கூட இல்ல."

"நான் ஒரே நாள்னு எழுதியிருக்கேன். என் பேர்ல கோடு இல்லையே."

நடராஜன் சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். "உங்களை எழுதுவேனா? நீங்க இல்லாட்டி இவனுங்க எவன் படிக்கிறான்?"

சேதுபதி புத்தகத்தை மெல்லப் பெட்டியில் வைத்தான். அவர் உடம்பிலிருந்து வாசனைச் சோப்பின் மணம் வீசியது. அவன் காய்ச்சும் சவுக்காரம் இல்லை, நிஜச் சோப்பு. அந்த மணத்தைத் தன் மூக்கு விரும்புகிறது என்பதை நினைத்தபோது குமட்டியது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு கெஞ்சினான். தம்பிராஜா எழுதியது பொய். அவன் உழைக்கிறவன். கேலிக்குப் பயந்து அப்படி எழுதினான். மனைவி பிள்ளைத்தாய்ச்சி.

நடராஜன் யோசித்தார். தன்னை நியாயஸ்தன் என்று நினைத்துக்கொள்கிற மனிதர். "சரி. புதன்கிழமை பட்டியல் போகுது. நாளைக்குக் காலையில பாய் கடைக்கு அவனைக் கூட்டிட்டு வாங்க. கதையைக் கேட்போம். படிக்காம வெறும் பெருமைக்கு எழுதினான்னா அழிச்சிடுறேன். படிச்சிருந்தா, எழுதினது எழுதினதுதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

அன்று சாயங்காலமே சேதுபதி கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீட்டுக்குப் போனான். எல்லாவற்றையும் சொன்னான். தம்பிராஜா சக்கரத்தில் ரப்பரை இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

"மூணு மாசம் படிச்சதைத் தெரியாதுன்னு சொல்லணுமாண்ணே?"

"ஒரு அஞ்சு நிமிசம் சொல்லுடா."

"அந்த மனுசன் சொல்லிடும்ண்ணே. நான் எதைக் கேட்டாலும் தினமும் தெரியாதுன்னுதானே சொல்லுது" என்றாள் உள்ளேயிருந்து பொன்னம்மா. மூவரும் சிரித்துவிட்டார்கள். காட்டுப் பக்கம் ஓடிப்போய்விடலாமே என்றும் சேதுபதி மெல்லக் கேட்டுப் பார்த்தான். "அரிசி அட்டையை வெட்டிடுவான்ண்ணே. இவ இந்த வயித்தோட எங்க போவா?" என்றான் தம்பிராஜா.

செவ்வாய்க்கிழமை காலை. கடையில் கூட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். தம்பிராஜா கைகட்டி நின்றான். சேதுபதி அவன் பக்கத்தில் ஒட்டி நின்றான். நடராஜன் வடிவு நாவலை மேசையில் வைத்து, அதன்மேல் ஓர் அழிரப்பரையும் வைத்தார்.

"வடிவு யாரு?"

"தெரியாதுங்க."

"அவ புருசன் எங்க போனான்? ரங்கூனா, கொழும்பா?"

"தெரியாதுங்க."

"அட, மூணு மாசம் வச்சிருந்தியேப்பா. ஒரு பக்கமாவது திருப்பினியா?"

"இல்லைங்க. பெருமைக்கு எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க." கூட்டத்து ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

நடராஜன் அழிரப்பரைக் கையில் எடுத்தார். சேதுபதிக்கு மூச்சு வந்தது. அவரோ அழிக்காமல் அதை இரு விரலால் உருட்டிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார்.

"படிக்காததே நல்லதுதான்யா. நான் புரட்டிப் பார்த்தேன். அந்த வடிவு ஒரு தட்டுவாணிச் சிறுக்கி. புருசன் இல்லாத நேரத்துல ஆத்துல வெள்ளம் வருது. நடக்க முடியாத மாமியாரை வீட்டுலயே விட்டுட்டு ஓடக்காரன்கூட ஓடிடுறா. இதைத்தான் நம்ம சேதுபதி ஊரெல்லாம் சிபாரிசு பண்றாரு. ஏன் பாய், இதுவும் ஒரு நாவலா?"

சேதுபதிக்கே வாய் திறந்துவிட்டது. பல்லைக் கடித்து மூடினான். மேசை மறைவில் தம்பிராஜாவின் பாதத்தை ஓங்கி மிதித்தான். தம்பிராஜாவின் உதடு அசைந்தது, மரத்தடியில் அசைந்த மாதிரியே. சேதுபதி இன்னும் அழுத்தி மிதித்தான்.

"அவ ஓடலைங்க" என்றான் தம்பிராஜா.

அழிரப்பரை உருட்டிய விரல் நின்றது.

"ஓடக்காரன் வாசல்வரைக்கும் ஓடத்தைக் கொண்டாந்து கூப்பிடுறான். கிழவியும் போடி போடின்னுதான் சொல்லுது. அவ போகல. அந்தக் கிழவி அவளுக்கு ஒரு நாள்கூட நல்ல சோறு போட்டதில்லீங்க. அதையெல்லாம் வரிசையாச் சொல்லித் திட்டிக்கிட்டேதான் முதுகுல தூக்குறா. திட்டிக்கிட்டேதான் பரண்மேல ஏத்துறா. தண்ணி இடுப்புக்கு வருது, அப்பவும் வாய் ஓயல. மூணு நாள் பரண்ல ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே கிடக்கிறாங்க. நாலாம் நாள் கிழவி பேச்சை நிறுத்திடுது. அப்பத்தாங்க அவ ஓடத்தைக் கூப்பிடுறா. கூப்பிட்டு, முதல்ல கிழவியை ஏத்துறா. பொணத்தை."

அவனால் நிறுத்த முடியவில்லை. பின்னாலிருந்து முன்னாலும் முன்னாலிருந்து பின்னாலுமாகப் போய், விட்ட இடத்தையெல்லாம் தொட்டுச் சொன்னான். அஜீஸ் பாய் துடைத்துக்கொண்டிருந்த குவளையைக் கையிலேயே வைத்திருந்தார். அந்தக் கடையில் ஐந்து வருஷமாகச் சிபாரிசு நடக்கிறது, இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. எவ்வளவு நன்றாகச் சொல்கிறான், அந்தத் திட்டிக்கொண்டே தூக்கும் இடத்தை நானே இப்படிச் சொல்லவில்லையே என்று சேதுபதியின் மனத்தில் ஒரு மூலை அப்போதும் ரசித்துக்கொண்டிருந்தது. நடராஜனைவிட அந்த மூலையின்மேல்தான் அவனுக்கு அதிகம் அருவருப்பு வந்தது.

நடராஜன் அழிரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நல்லாச் சொன்ன தம்பி. எனக்கும் கதை தெரிஞ்சுபோச்சு. வியாழக்கிழமை காலையில ஆறு மணி. வீட்டுலயே இரு."

புதன்கிழமை முழுவதும் சேதுபதி வாசகர்களின் வீடு வீடாக ஏறி இறங்கி விஷயத்தைச் சொன்னான். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், "எழுது எழுதுன்னு பென்சிலை நீட்டினது யாரு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். தவறாகக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை லோரி வந்தது. மலாக்காவின் தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள், அதனால் தம்பின் ஊர் ரயில் ஸ்டேஷன்வரை லோரிதான். தம்பிராஜா கையில் ஒரு துணி மூட்டையோடு ஏறினான். சேதுபதியைப் பார்த்துக் கோபமாக முறைத்திருந்தால்கூடத் தேவலாம். ஏதோ பரீட்சையில் கோட்டை விட்டவன்போல் வெட்கப்பட்டுச் சிரித்தான். லோரி திரும்பியது. அவன் பிறகு வரவே இல்லை.

பொன்னம்மா அழவில்லை. சேதுபதி நின்ற இடத்துக்கு வந்தாள்.

"அந்தப் புஸ்தகத்துல வர்றவ நிஜமா இருக்கிறாளா?"

"இல்லம்மா. கதைதான்."

"அப்போ அவ ஓடினா உங்களுக்கு என்ன, ஓடலைன்னா உங்களுக்கு என்ன?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. இடுப்பில் கை கொடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஆட்களை எண்ணி ஏற்றிவிட்டு நடராஜன் ரோட்டோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன சேதுபதி, மூஞ்சி இப்படி இருக்கு. மனசுல வச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. இந்த வாரம் எந்த நாவலைச் சிபாரிசு பண்ணப்போறீங்க?"

"எதையும் இல்லீங்கய்யா. நான் படிக்கிறதை விட்டுட்டேன்."

"கூட்டம்?"

"கூட்டமும் இல்ல."

நடராஜன் கைக்குட்டையை நான்காக மடித்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். கிழிந்த கால்சட்டை, சாம்பல் தண்ணீர் தின்ற கைகள்.

"அப்போ இனிமே நீங்க சும்மாதான் இருப்பீங்க."

"ஆமா" என்றான் சேதுபதி. "சும்மாதான் இருப்பேன். வீடு உங்களுக்குத் தெரியும்."